கணினியின் உலை கொதிக்கும் நேரம்

சமைத்த சோற்றைக் கடையிலே வாங்கி உண்பதற்கும், நெல்லை வாங்கி அவித்து, உலர்த்தி, குற்றி, புடைத்து, உலையிலிட்டு உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுத் தாய்மாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. முன்னது ஐந்து நிமிட வேலை. பின்னது இரண்டு நாள் வேலை. ஆயினும் நெல் வாங்கியவருக்கு ஓர் உரிமை உண்டு. அரிசியைத் தீட்டுவதா, தவிட்டோடு விடுவதா, குழைய வடிப்பதா, பதமாக இறக்குவதா என்பதை அவரே தீர்மானிக்கலாம். கடைச் சோறு வாங்கியவருக்கு அவ்வுரிமை இல்லை.

கணினியில் இயங்கும் மென்பொருள்களும் இவ்வாறே இரு கோலங்களில் நம்மை வந்தடைகின்றன. ஒன்று சமைத்த சோறு; கைக்கு வந்தவுடன் இயங்கும், ஆனால் உள்ளே யாது உளது என்று பார்க்க இயலாது. மற்றது மூலநிரல் என்னும் நெல். மனிதர் எழுதி மனிதர் வாசிக்கத்தக்க வரிகள் அவை. அவ்வரிகளை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கருவியைத் தொகுப்பி என்றும், அச்செயலைத் தொகுத்தல் என்றும் நம் மாணவர் படிக்கின்றனர். அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 ஆம் ஆண்டில் அறிவித்த குனூ முயற்சியும், 1989 இல் அதன் வழியே வெளிவந்த பொது உரிமமும், மூலநிரலைப் பெறவும் கற்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்று சாற்றின.

உரிமை இருக்கிறது, நன்று. கொழும்பிலே ஒரு காரியாலயம் கழித்துவிட்ட பழைய கணினியைத் திருகோணமலை உட்துறைமுக வீதியில் உள்ள தன் வீட்டு மேசையில் வைத்திருக்கும் மாணவன் ஒருவன், அவ்வுரிமையைப் பயன்படுத்த எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இதுவே.

1991 ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கருவை எழுதிச் செப்டெம்பர் மாதத்தில் யாவர்க்கும் வெளியிட்டார். அன்று அதன் அளவு ஏறத்தாழ 10,000 வரிகள். அவருடைய கணினி 386 வகைச் செயலியும் 4 மெகாபைற் நினைவகமும் கொண்டது. ஜேர்மனியிலிருந்து ஒருவர் அவருக்கு ஒரு குறையை எழுதினார். அவரிடம் இருந்தது 2 மெகாபைற் நினைவகமே. தொகுப்பி தனக்கென்றே ஒரு மெகாபைற்றுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆதலால் லினக்ஸின் மூலநிரல் கையில் இருந்தும் அவரால் அதனைத் தொகுக்க முடியவில்லை. டோர்வால்ட்ஸ் அவ்வாண்டின் நத்தார் விடுமுறையில் அமர்ந்து, நினைவகம் போதாதபோது அதன் ஒரு பகுதியை வட்டிலே ஒதுக்கிவைத்து, வேண்டியபோது மீட்டெடுக்கும் முறையை எழுதி முடித்தார். 1992 சனவரியில் வந்த 0.12 ஆம் பதிப்பில் அம்முறை இடம்பெற்றது. அக்காலத்துப் போட்டியாளனான மினிக்ஸிடம் இல்லாத வசதி அது. அதன் பொருட்டே பலர் லினக்ஸின் பக்கம் சாய்ந்தனர். முகம் அறியாத ஒருவரின் சிறிய இயந்திரத்துக்காக ஒரு விடுமுறை செலவானது. அதன் பயன் உலகுக்கெல்லாம் கிடைத்தது.

பின்னர் நிகழ்ந்ததோ வேறு. 1994 மார்ச்சில் 1.0 ஆம் பதிப்பு வெளிவந்தபோது லினக்ஸ் கருவின் அளவு 176,250 வரிகள். 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அஃது ஏறத்தாழ 2 கோடியே 78 இலட்சம் வரிகளாகப் பெருகியிருந்தது. அவற்றுட் பெரும்பகுதி உலகில் உள்ள அச்சுப்பொறி, வலையட்டை, ஒலியட்டை முதலிய எண்ணிறந்த கருவிகளை இயக்குவதற்கானது. எந்த 386 செயலியின் மேல் லினக்ஸ் பிறந்ததோ, அந்தச் செயலிக்கான ஆதரவே 2013 பெப்ரவரியில் வந்த 3.8 ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது. தொட்டிலை விற்றுவிட்டார்கள் என்று குறை கூறலாம். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்த நிறுவனம் தன் தொட்டிலைக் காத்தது என்றும் கேட்க வேண்டும்.

இனி மணிக்கணக்குக்கு வருவோம். 2002 ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் 32 செயலிகள் கொண்ட பேரியந்திரம் ஒன்றில் லினக்ஸ் கருவை 7.52 விநாடிகளில் தொகுத்ததாக அறிவித்தார். ஒரு கொட்டாவிக்கும் அடுத்த கொட்டாவிக்கும் இடைப்பட்ட நேரம்! எம் வீட்டிலோ பென்ரியம் 4 வகைக் கணினி ஒன்று உண்டு. அதன் நினைவகம் 512 மெகாபைற். வழங்குநர் அனுப்பிய அமைப்பை மாற்றாமல், எல்லாக் கருவிகளுக்குமான பகுதிகளோடும் கருவைத் தொகுக்கும்படி ஓரிரவு உணவின் பின் பணித்தேன். மீன்பிடிப் படகுகள் கரைக்குத் திரும்பும் வேளையிலும் வரிகள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. பின்னர், அக்கணினிக்கு வேண்டாதவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் தொகுத்தபோது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே சென்றது. இயந்திரம் மாறவில்லை, பயணத்துக்குக் கட்டிய மூட்டைதான் சிறுத்தது.

வேண்டாதவற்றை நீக்குதல் முன்னாளில் ஆயிரக்கணக்கான வினாக்களுக்கு ஒவ்வொன்றாக ஆம், இல்லை என விடையளிக்கும் வேலை. 2009 திசெம்பரில் வந்த 2.6.32 ஆம் பதிப்பு முதலாக, இக்கணினியில் இப்போது எவை இயங்குகின்றனவோ அவற்றை மாத்திரம் தெரிவுசெய்க என்று ஒரே கட்டளையிற் சொல்லிவிடலாம். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கட்டளையிடும் வேளையில் அச்சுப்பொறியும் விரற்பேழையும் பொருத்தப்படாதிருப்பின், அவை வேண்டாதவை என்றே கருதப்பட்டுவிடும். மணமக்களை மறந்து பந்தலை மாத்திரம் கட்டிய கதையாகும்.

தொகுத்தல் ஏன் இத்துணை நேரம் எடுக்கிறது? ஒரு பெரிய மென்பொருள் ஆயிரக்கணக்கான கோப்புகளாக இருக்கும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும், இன்னின்ன வரையறைக் கோப்புகளை முதலில் வாசித்துக்கொள் என்ற குறிப்பு உண்டு. ஒவ்வொரு கடிதம் எழுதுமுன்னும் அகராதியை முதற்பக்கத்திலிருந்து வாசித்துத் தொடங்கும் எழுத்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தொகுப்பியின் நிலை அதுவே. நினைவகம் சிறியதாயின் நிலைமை இன்னும் மோசமாகும். அடுக்களை சிறிதாகி, உப்பு ஒரு கடையிலும் புளி இன்னொரு கடையிலும் இருப்பின் சமையற்காரர் அடுப்பருகே நிற்பதிலும் வீதியில் நடப்பதே அதிகம். வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே கணினி அவ்வாறே அலைகிறது. பழைய கணினிக்குப் பணம் செலவிட எண்ணுவோர் விரைவான செயலியைத் தேடுவதிலும், நினைவகத்தை இரட்டிப்பாக்குவதே சாலச் சிறந்தது.

இயந்திரத்துக்கு இயந்திரம் நேரம் வேறுபடுமாயின், இம்மென்பொருளுக்கு இத்தனை மணி என்று எவ்வாறு நூலில் எழுதுவது? இதற்கு ஒரு நயமான விடை கண்டவர்கள், லினக்ஸை அடித்தளத்திலிருந்து கட்டுவது எப்படி என்று கற்பிக்கும் நூலை ஆக்கியவர்கள். ஜெராட் பீக்மன்ஸ் என்பவர் 1999 இல் தொடக்கிய முயற்சி அது. அந்நூல் மணியையும் நிமிடத்தையும் கூறுவதில்லை. முதலாவதாகத் தொகுக்கப்படும் பொதியை உங்கள் கணினி தொகுத்து முடிக்க எடுக்கும் நேரம் எதுவோ, அதுவே ஓர் அலகு. ஏனைய பொதிகள் அதன் இத்தனை மடங்கு, இத்தனை பங்கு என்று குறிக்கப்படும். நம் முன்னோர் வகுத்த நாழிகை யாவருக்கும் 24 நிமிடமே. இந்த நாழிகையோ செல்வர் வீட்டில் ஒரு நிமிடமாகவும், நம் போன்றோர் வீட்டில் அரை மணியாகவும் இருக்கும். முதற்பொதியை மாத்திரம் கடிகாரத்தை நோக்கி அளந்துகொண்டால், எஞ்சிய வேலை இன்றிரவு முடியுமா, வெள்ளிக்கிழமைவரை செல்லுமா என்று மாணவனே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்நூலில் மிகுந்த அலகுகளை விழுங்குவது தொகுப்பியைத் தொகுக்கும் பகுதி. தொகுப்பியும் ஒரு மென்பொருள்தானே! கொல்லர் ஒருவர் பழைய சுத்தியலால் புதிய சுத்தியல் ஒன்றை அடிக்கிறார். பழையதன் குறை புதியதில் இறங்கியிருக்குமோ என்ற ஐயத்தால், அப்புதிய சுத்தியலால் இரண்டாவதை அடிக்கிறார். இரண்டாவதால் மூன்றாவதை அடிக்கிறார். இரண்டாவதும் மூன்றாவதும் அச்சொட்டாக ஒத்திருந்தால் வேலை செம்மை. 1987 இல் முதன்முதல் வெளிவந்த குனூ தொகுப்பி இவ்வாறே மூன்று படிகளில் தன்னைத் தானே தொகுத்துக்கொண்டு, கடைசி இரு படிகளின் விளைவையும் ஒப்புநோக்குகிறது. மூன்று மடங்கு காத்திருப்பு. ஆயினும் வீண் அன்று.

வீணான காத்திருப்பும் உண்டு. ஜென்டூ என்பது லினக்ஸின் ஒரு வகை, அதன் 1.0 ஆம் பதிப்பு 2002 மார்ச்சில் வந்தது. எல்லாவற்றையும் அவரவர் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளுதல் அதன் கொள்கை. தன் செயலிக்கென்றே பொருத்தமாகத் தொகுத்தால் மென்பொருள் விரைந்து ஓடும் என்று நம்பிய இளைஞர் பலர், திரைமுகம், அலுவலகத் தொகுதி, உலாவி என அனைத்தையும் நாட்கணக்கில் தொகுத்தனர். ஓப்பின் ஒஃபிஸ் என்னும் அலுவலகத் தொகுதி ஒன்றே அன்றைய இயந்திரங்களில் அரை நாளுக்கு மேல் எடுப்பது வழக்கம். கடிதம் எழுதும் செயலி இரண்டு விநாடி முன்னதாகத் திறப்பதற்கு இருபது மணி நேரம் செலவிடுவது, காசு மிச்சம் பிடிக்கக் கிண்ணியாவுக்கு நடந்து போய் மீன் வாங்கிய கதை. அந்த ஜென்டூவே 2023 திசெம்பரில், ஆயத்தமாகத் தொகுத்த பொதிகளையும் பரந்த அளவில் வழங்கத் தொடங்கிவிட்டது.

நம் நாட்டில் தொகுப்பவருக்கு வேறொரு கவலையும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே கூறினார். இலங்கையை எரித்த வானரத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, இலங்கையை அணைத்த வானரமும் வந்து சேர்ந்தது. ஒன்பது மணி நேரம் ஓடிய வேலை பத்தாவது மணியில் மின்சாரம் நின்றால் என்னாகும்?

அஞ்ச வேண்டியதில்லை. 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். அதற்குக் காரணமாக இருந்தது ஒரு நண்பரின் அலைச்சல். பிழையைத் திருத்திய பின்னும் அக்கோப்பை மீளத் தொகுக்க மறந்துவிட்ட அந்நண்பர், இல்லாத பிழையை ஒரு காலைப்பொழுது முழுவதும் தேடிக்கொண்டிருந்தார். ‘மேக்’ கோப்புகளின் நேரக் குறிகளை ஒப்பிட்டு, மாறியவற்றையும் எஞ்சியவற்றையும் மாத்திரம் தொகுக்கும். எனவே மின்சாரம் திரும்பியதும் அதே கட்டளையை இட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நுட்பம் மாத்திரம் நினைவில் இருக்கட்டும்: விளக்கு அணைந்த கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு வெறுமையாகவோ குறையாகவோ நின்றுவிடலாம். அதன் நேரக் குறி புதியதாக இருப்பதால், முடிந்த கோப்பென்றே ‘மேக்’ நம்பும். அளவு பூச்சியமாக உள்ள கோப்புகளையும், கடைசியாக உருவான ஓரிரு கோப்புகளையும் அழித்துவிட்டுத் தொடர்தல் வேண்டும். மின்கலம் கெடாத பழைய மடிக்கணினி உள்ளவருக்கு இத்தொல்லை குறைவு.

தொகுத்தலின்போது செயலி மணிக்கணக்காக முழு மூச்சில் உழைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தூசி படிந்த காற்றாடியோடு பகல் வேளையில் இவ்வேலையைத் தொடங்குவது கணினிக்கு நாம் இழைக்கும் கொடுமை. தொகுத்தல் இடையிலே முறிந்து, 11 ஆம் இலக்கச் சைகை என்ற செய்தி தோன்றுவதும் உண்டு. ஒரே இடத்தில் எப்போதும் முறிந்தால் பிழை பெரும்பாலும் நிரலில். இடத்துக்கு இடம் மாறி முறிந்தால் நினைவகமோ வெப்பமோ காரணம் என்று ஐயுறலாம். 1990களில் நினைவகத்தின் தரத்தைச் சோதிப்பதற்கென்றே லினக்ஸ் கருவைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பலர். மின்கட்டணம் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கும் ஒரு கணக்கு: 100 வாற்று இழுக்கும் கணினி 10 மணி நேரம் ஓடினால் ஓர் அலகு மின்சாரம்.

இதுவரை கூறியவை பொறுமையினால் வெல்லத்தக்க தடைகள். பொறுமையினாலும் வெல்ல முடியாத தடை ஒன்று உண்டு. கவலை தருவது அதுவே. குரோமியம் என்னும் உலாவியைத் தொகுக்க விரும்புவோருக்கு, குறைந்தது 8 கிகாபைற் நினைவகம் வேண்டும், 16க்கு மேல் இருத்தல் நன்று என்று அதனை ஆக்குவோரே அறிவுறுத்தி வந்துள்ளனர். 32 இருமக் கணினியில் ஒரு நிரல் எட்டக்கூடிய முகவரிகளின் எல்லையே 4 கிகாபைற். ஓர் இரவு அன்று, ஓர் ஆண்டு காத்திருந்தாலும் அக்கணினியில் அவ்வுலை கொதியாது. உரிமப் பத்திரம் மாற்றும் உரிமையைத் தருகிறது, இயந்திரமோ மறுக்கிறது. ஜேர்மனிக்காரரின் 2 மெகாபைற்றுக்காக ஒரு விடுமுறையைச் செலவிட்ட மரபிலே வந்த மென்பொருளுலகு, இன்று எத்தனை பேரை வாசலில் நிறுத்தியிருக்கிறது என்று கேட்பது தகும்.

இவ்வாறு நிறுத்தப்பட்டோர் தனியாட்கள் மாத்திரம் அல்லர். அமிகா, அற்றாரி, பழைய மக்கின்ரோஷ் ஆகிய கணினிகளில் இருந்த மோட்டரோலா 68000 குடும்பச் செயலிகளுக்கும் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் ஒரு பதிப்பைத் தொகுத்து வந்தது. மென்பொருள்கள் பெருகப் பெருக, அப்பழைய இயந்திரங்கள் இரவும் பகலும் தொகுத்தும் புதிய பொதிகளின் வரவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2007 ஏப்ரலில் வந்த 4.0 ஆம் பதிப்பில் அக்குடும்பம் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து விடப்பட்டது. ஆயினும் தன்னார்வலர் சிலர் அதனைப் புறக்கிளையாகப் பேணி வருகின்றனர்.

கூட்டாகச் செய்தால் தடை சற்றே தளரும். 2002 அளவில் தோன்றிய டிஸ்ட்சீசீ என்னும் கருவி, ஒரே வலையில் உள்ள பல கணினிகளுக்குக் கோப்புகளைப் பங்கிட்டு அனுப்பித் தொகுப்பிக்கும். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுமோ? பாடசாலை ஒன்றின் கணினி அறையில் உள்ள பத்துப் பழைய இயந்திரங்களும் பொழுது சாய்ந்த பின் ஒரே வலையை இழுக்கலாம். விரைவான கணினி ஒன்றில் பழைய கணினிக்காகத் தொகுத்து எடுத்துச் செல்வதும் ஆகும். 2012 இல் வெளிவந்து மாணவர் பலரின் கைக்கு எட்டிய றாஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்குக் கரு தொகுப்போர் பெரும்பாலும் இவ்வழியையே கொள்கின்றனர்.

இவ்வளவும் நமக்கு எதற்கு என்று கேட்பவர் தமிழ் எழுத்தைத் திரையில் பார்க்கட்டும். நாம் முதலில் ககரத்தையும் பின்னர் ஒகரக் குறியையும் தட்டுகிறோம். திரையில் அக்குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இரு பக்கமும் அமர்ந்து ‘கொ’ ஆக வேண்டும். ஃபயர்பொக்ஸ், குரோம், லிப்ரெ ஒஃபிஸ் ஆகியவற்றில் இவ்வேலையைச் செய்வது ஹார்ஃபஸ் என்னும் நிரலகம். அதன் ஆக்குநர் ஈரானில் பிறந்தவர், பெயரும் பாரசீகம். தமிழ் எழுத்து எங்கேனும் பிழையாக அமர்ந்தால், திருத்தத்தை எழுதித் தொகுத்துப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு. உலாவியோடு ஒப்பிடின் ஹார்ஃபஸ் மிகச் சிறியது; பழைய இயந்திரமும் ஒரு மாலைப்பொழுதுக்குள் தொகுத்துவிடும். மென்பொருளின் பட்டிகளையும் செய்திகளையும் தமிழாக்குவதற்கோ முழு மென்பொருளையும் தொகுக்க வேண்டியதே இல்லை. மொழிபெயர்ப்புகள் தனிக் கோப்பாக இருக்கும். அதனை இயந்திர வடிவுக்கு மாற்ற ஒரு விநாடியும் செல்லாது.

தொகுக்காமலே இயங்கும் நிரல்களும் உண்டு. தொகுப்பி நூலை முழுவதும் மொழிபெயர்த்துத் தருபவர் எனின், இவ்வகை நிரல்களுக்கு மேடையில் நின்று வரிக்கு வரி பெயர்த்துரைக்கும் துபாசி ஒருவரே போதும். 2004 திசெம்பர் 26 இன் கடற்கோளின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவதற்காக இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் ஆக்கிய சகானா என்னும் திறந்த மென்பொருள் இவ்வகையினது. அவசர வேளையில் எந்தக் கணினி கிடைத்தாலும் ஏற்றி இயக்க அது தோதாயிற்று. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகானாவுக்கு வழங்கியது.

மார்கழி விடுமுறையில் முயல விரும்பும் மாணவர்களுக்கு எமது யோசனை இது. உலாவியைத் தொடாதீர்கள். முதலில், வணக்கம் சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்யாத குனூவின் ‘ஹலோ’ என்னும் சிறு மென்பொருளைத் தொகுத்து, அது சொல்லும் வணக்கத்தை உங்கள் சொல்லாக மாற்றி மீண்டும் தொகுங்கள். எந்தப் பழைய கணினிக்கும் சில நிமிட வேலை. அடுத்து ‘நானோ’ என்னும் சிறு தொகுப்பேடு. அதன் பின்னரே வேண்டாதவற்றை நீக்கிய லினக்ஸ் கரு. பழைய கருவை அழித்துவிடாமல் வைத்திருங்கள். புதியது எழும்பாவிடின் அதற்குத் திரும்பலாம். காற்றாடியின் தூசியை முதல் நாளே துடைத்து, இரவிலே வேலையைத் தொடங்குங்கள். குளிர்ச்சிக்காக இயந்திரத்தை விறாந்தையில் கொண்டுபோய் வைக்க வேண்டாம். வாடைக் காற்றில் உப்பு உண்டு.